நாற்பத்தொன்றுக்குப் பத்து

நிலாவெளி றோட்டில் நாற்பதைத் தாண்டினால்
பின்பக்கம் ஒரு முனகல்.
காலை எடுத்தால் இறங்கும்,
மிதித்தால் திரும்ப ஏறும்,
ஐஸ் பெட்டிக்கு அடியிலிருந்து
யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிறமாதிரி.

"ரயர்" என்றார் மீன் எடுக்க வந்தவர்.
"பெயறிங்" என்றான் பெற்றோல் அடிக்கிற பெடியன்.
நிமலன் கட்டாரிலிருந்து
போனை அச்சுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லி
இரண்டு தரம் கேட்டுவிட்டு,
"கழட்டு" என்றான்.

கழட்டினேன்.
தென்னங்குற்றி இரண்டில் பின்பக்கம் நிற்க,
சில்லுகள் மதிலோடு சாய,
உப்புப் பிடித்த நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் வைத்து
ஓர் இரவு பொறுத்து,
சாவியில் பைப் துண்டொன்றை மாட்டி
அதில் ஏறி நின்றேன்.
ஐம்பத்தெட்டுக் கிலோ நான்.
முதல் நட்டு அசைந்தபோது
கோணேசர் கோயில் மணி அடித்தது என்று சொல்லலாம்.
அடிக்கவில்லை. அடுத்த வீட்டுக் குக்கர்தான் விசிலடித்தது.

அச்சுத்தண்டுகளை இரு பக்கமும் இழுத்தெடுத்து
டிபரன்சலைச் சாக்கில் கிடத்தினேன்.
கியர் ஓயிலின் மணம்
மூன்று நாள் சோற்றிலும் இருந்தது.
பேசினின் அடியில், கறுப்புக்குள்,
ஒரு பல்.

பினியனின் பல். புளியங்கொட்டையளவு.
ஆரணி அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள்.
தன்னுடையது விழுந்த கிழமை; முறை தெரியும் அவளுக்கு.
கூரையில் எறிந்தாள்.
தகரத்தில் டங்கென்று விழுந்து
உருண்டுபோய்ப் பீலியில் நின்றது.
"இனி அணில் புதுசு தரும்."

அணில் தரவில்லை.
கந்தளாயில், முபாறக் நானாவின் பழைய இரும்புக் காணியில்
முன்பக்கமே இல்லாத பிக்கப் ஒன்றின் கீழ் படுத்து
பல் எண்ணினேன்.
பெரிய சில்லில் நாற்பத்தொன்று. சின்னதில் பத்து.
இன்னொரு தரம் எண்ணினேன்.
தேத்தண்ணிக் கோப்பையோடு குந்தியிருந்து நானா கேட்டார்,
"மாப்புள வரல்லியா?"
"பங்குனியில வருவார்" என்றேன்.
இரண்டாயிரம் குறைத்தார்.
வருவானா என்று
காசைக் கொடுத்த பிறகுதான் யோசித்தேன்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான்.

மகளின் நிறப்பெட்டி மஞ்சளைக் கிறீசில் குழைத்து
பற்களில் பூசிச் சுற்றினால்
எங்கே தொடுகிறது என்று தெரியும்.
நுனியில் தொட்டால் பிழை. அடியில் தொட்டாலும் பிழை.
தகடு ஒன்று கூட்டி, ஒன்று குறைத்து,
ஒவ்வொரு தரமும் பெயறிங்கை இழுத்து, அடித்து, திரும்ப இழுத்து.
"இன்னும் இறுக்கு" என்றான் நிமலன்.
லைன் நின்றுபோயிற்று.
வாய் திறந்தபடி அவன் முகம்.

நான் இறுக்கவில்லை.
பெரிய சில்லைப் பிடித்து மெல்ல ஆட்டினேன்.
டிக்.
மயிரிழைதான். ஓயில் போய்வர அவ்வளவு வேண்டும்,
இல்லையென்றால் சூடேறும், நீலம் பாரிக்கும்.
அவன் கண்ணாடிக்குள் பார்த்தான்,
எனக்கு விரலில் இருந்தது.
அப்படியே பூட்டினேன்.
லைன் திரும்ப வந்தது.
"இறுக்கிட்டியா?"
"ஓம்."

பின்னேரம் பார்த்தால் காஸ்கெட்டைக் காணவில்லை.
பிஸ்கட் பெட்டி அட்டையில் அளவெடுத்து
பத்து ஓட்டையும் குத்தி
மதிலில் வைத்திருந்தது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
கடைசி மூலையை மென்றுகொண்டு நின்றது,
என்னைப் பார்த்தபடி, அவசரமில்லாமல்.
இந்த ஊர் மான்கள் சுவரொட்டி தின்னும்,
லொத்தர் சீட்டுத் தின்னும்.
காஸ்கெட் இதுதான் முதல்.
இரண்டாவதை வெட்டியதும் மடியில் செருகிக்கொண்டேன்.

விடிய, உப்புவெளி தாண்டி,
முப்பது. நாற்பது. ஐம்பது.
முனகல் இல்லை.
அது இருந்த இடத்தில் மற்றதெல்லாம் கேட்டது:
பின்கதவுச் சங்கிலி,
நம்பர் தகட்டில் ஒரு பக்கம் கழன்ற ஆணி,
ஆடுகிற அடுத்த பல்லைப் பற்றி
ஆரணி விடாமல் கதைக்கிறது,
நாலாம் கட்டையில், முன்பக்கம் இடதில்,
டக் டக் என்று வேறொன்று.

அதை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.